புது ஆர்பிஜி வாங்குறீங்களா? முதல் 2 மணி நேரத்துல ஓப்பனிங் ஏரியாவை எடை போடுறது எப்படி

ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரை வளர்த்து கதையோட போற ரோல்-பிளேயிங் கேம், அது பக்கம் புதுசா வர்றவங்க பெரும்பாலும் கேமை விடுற இடம் கடைசி பாஸ் (பெரிய வில்லன்) கிட்ட இல்லை, முதல் ஊர்லயேதான். மூவாயிரம் நாலாயிரம் கொடுத்து வாங்கி, ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டு, மறுநாள் ஆபீஸ் முடிஞ்சு டிராஃபிக்ல நொந்து வந்து ஆசையா உக்காந்தா ஒரு கிராமம், நாலு எலி, பத்து பக்க டயலாக், "அந்தப் பக்கம் போகாதே"ன்னு ஒரு காவல்காரன். ரெண்டு நாள் பார்ப்பாங்க, மூடிடுவாங்க, அப்புறம் யாராச்சும் ரீஃபண்ட்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லும்போது நேரம் தாண்டியிருக்கும். (ஸ்டீம்னு பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடையில, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குள்ள ஆடியிருந்தா காசைத் திருப்பி வாங்கலாம், அந்த 2 மணி நேரம்தான் இங்க கணக்கு.) இந்த ரூட்ல நான் நிறைய அல்லாடியாச்சு, நீங்களாவது அலைய வேண்டாம்னுதான் இதை எழுதுறேன். பிசியில ஆடுறவங்களை மனசுல வச்சு எழுதினது, கன்சோல்காரங்களுக்கு நடுவுல ரெண்டு வரி இருக்கு.

ஓப்பனிங் ஏரியாவுல, அதாவது கேம் ஆரம்பிக்கிற முதல் இடத்துல, நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். மீதி அம்பது மணி நேரம் இந்த கேம் என்னை என்ன செய்ய வைக்கப் போகுதோ, அதை இப்பவே கொஞ்சம் செய்ய விடுதா? கிராஃபிக்ஸ், பாட்டு, கதை எல்லாம் அதுக்கு அப்புறம்.

1. காசு கட்டுறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்க வேண்டியது

ஸ்டோர் பக்கத்துல கீழ சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்னு இருக்கும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் பாக்காதீங்க, ஸ்டோரேஜ் வரியைப் பாருங்க. பால்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜிபி இடம் வேணும், அதுவும் எஸ்எஸ்டியில (வேகமான டிஸ்க்). 100 எம்பிபிஎஸ் லைன் முழு ஸ்பீடுல ஓடினாலே 150 ஜிபி இறங்க மூணு மணி நேரம் இருபது நிமிஷம் ஆகும், நம்ம வீட்டு வைஃபையில நடு ஹால்ல இருந்து பெட்ரூமுக்கு சிக்னல் வர்ற லட்சணத்துக்கு ராத்திரி போட்டுட்டு தூங்குறதுதான் வழி. டவுன்லோடு நேரம் ரீஃபண்டோட 2 மணி நேரத்துல சேராது, அதுக்கு பயப்பட வேண்டாம்.

எஸ்எஸ்டி இல்லன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போங்க, ஆனா ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க. பில் இல்லாம கொஞ்சம் கம்மி பண்ணித் தர்றேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, வாரன்டிக்கு போய் நிக்கும்போது முதல்ல கேக்குறது அதைத்தான்.

ஸ்டீம்ல யூபிஐல கட்டலாம், ரூபாய்லயே விலை இருக்கும். வாங்கினதும் வர்ற மெயிலை டெலீட் பண்ணிடாதீங்க, அதுல இருக்க தேதியில இருந்துதான் 14 நாள் கணக்கு. ஹவ் லாங் டு பீட் தளத்துல அந்த கேமோட மொத்த மணி நேரத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க. பத்து மணி நேர கேம்ல ஒரு மணி நேர ஓப்பனிங்னா நீளம், நூறு மணி நேர கேம்ல அதே ஒரு மணி நேரம் ஒண்ணுமே இல்லை.

ரொம்ப முக்கியம்: கம்மி விலைக்கு கீ விக்கிற வெளி தளங்கள்ல வாங்கினா ஸ்டீம் ரீஃபண்ட் தராது. இருநூறு ரூபா மிச்சம் பிடிக்கப் போய் திருப்பிக் கொடுக்குற உரிமையே போயிடும். முதல் ஆர்பிஜிக்கு இது வேண்டவே வேண்டாம்.

2. அந்த 2 மணி நேரம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கோங்க

ஸ்டீம்ல ரூல் சிம்பிள். வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணி நேரத்துக்குள்ள. எபிக் ஸ்டோர்லயும் கிட்டத்தட்ட இதே. ஜிஓஜிங்கிற இன்னொரு கடையில 30 நாள், விளையாடியிருந்தாலும் கேக்கலாம், அதனால ஒரே கேம் ரெண்டு இடத்துலயும் கிடைச்சு விலையும் பக்கம் பக்கமா இருந்தா மெதுவா ஆரம்பிக்கிற கேமை அங்க வாங்குறது நல்லது. பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல டவுன்லோடு ஆரம்பிச்சுட்டாலே பொதுவா ரீஃபண்ட் கிடையாது, கன்சோல்காரங்க வாங்குறதுக்கு முன்னாடியே யூடியூப்ல கமென்ட்ரி இல்லாத வீடியோவா முதல் ஒரு மணி நேரத்தைப் பாத்துடுங்க.

இதுல பலரும் மாட்டுற இடம் எதுன்னா, அந்த 2 மணி நேரங்கிறது நீங்க விளையாடின நேரம் இல்லை, கேம் திறந்து இருந்த நேரம். ஆட்டத்தை பாஸ் (pause) போட்டுட்டு சாப்பிடப் போனாலும் ஓடும். மெயின் மெனுவுல நின்னாலும் ஓடும். ஷேடர் கம்பைல் (கிராஃபிக்ஸைத் தயார் பண்றது) ஆகுதுன்னு ஒரு பார் மெதுவா நகருமே, அதுவும் ஓடும். கேமுக்கு முன்னாடி தனி லாஞ்சர் விண்டோ வர்ற சில கேம்ல அது திறந்து இருந்தாலே கணக்குதான். அதனால முதல் தடவை திறக்குறப்போ வீட்ல யாரும் கூப்பிடாத, காலிங் பெல் அடிக்காத நேரமா பாத்து திறங்க. அம்மா "தம்பி, கொஞ்சம் கொத்தமல்லி வாங்கிட்டு வா"ன்னு சொன்னா பாஸ் போடாதீங்க, சேவ் பண்ணி மூடிட்டுப் போங்க.

இன்னொண்ணு, ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஆடலாம்னு அட்வான்ஸ்டு ஆக்சஸ் தர்றாங்க இல்ல, அந்த நேரமும் இப்ப 2 மணி நேரத்துல சேரும்.

3. டெமோ இருக்கான்னு பாருங்க, இருந்தா பாதி வேலை முடிஞ்சது

ஜப்பான் ஆர்பிஜி பண்றவங்க இதுல தாராளம். டிராகன் குவெஸ்ட் 11 எஸ்ஸோட டெமோ சுமார் பத்து மணி நேரம் வரும். 2024ல வந்த மெட்டஃபர் ரீஃபன்டாசியோ, முன்னுரைப் பகுதி முழுசையும் டெமோவா விட்டாங்க. ரெண்டுலயும் உங்க சேவ் ஃபைல் முழு கேமுக்கு அப்படியே வரும். ஓப்பனிங் ஏரியாவையே ஓசியில முடிச்சுட்டு பிடிச்சா காசு, இல்லன்னா டாட்டா. ஸ்டீம்ல வருஷத்துக்கு மூணு தடவை நெக்ஸ்ட் ஃபெஸ்ட்னு டெமோவா கொட்டுவாங்க, அப்ப ஒரு ஏழெட்டு எடுத்து ஆடிப் பாத்தாலே எந்த மாதிரி ஆரம்பம் உங்களுக்கு செட் ஆகும்னு ஒரு ஐடியா வந்துடும்.

4. கேரக்டர் செய்றதுலயே நேரத்தை விட்டுடாதீங்க

மூக்கை ஒரு மில்லிமீட்டர் தூக்கலாமா இறக்கலாமான்னு முக்கால் மணி நேரம் உக்காந்து, ரீஃபண்ட் நேரத்துல பெரிய பகுதியை அங்கயே கரைச்சவங்க எத்தனையோ பேர். முதல் தடவை ரெடிமேடா இருக்க முகத்தை எடுங்க, பத்து நிமிஷத்துல வெளிய வாங்க.

"தப்பான கிளாஸ் எடுத்துட்டா?"ன்னு பயம் வரும். (கிளாஸ்னா வாள்வீரனா, மந்திரவாதியாங்கிற வகை.) நல்லா யோசிச்சு செஞ்ச ஓப்பனிங்ல அதுக்கு வழி வச்சிருப்பாங்க. ஆப்ளிவியன்ல (2006) சாக்கடை வழியா தப்பிச்சு வெளிய போற வாசல்ல நின்னு, இனம், கிளாஸ், பிறந்த ராசி எல்லாத்தையும் மாத்திக்கிறியான்னு கேக்கும். ஃபால்அவுட் 3லயும் (2008) வால்ட்டுங்கிற பதுங்குகுழியை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி அதே கேள்வி. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா நான் பாத்ததுல ஓப்பனிங் ஏரியாவுக்கு இதைவிட நியாயமான டிசைன் கம்மி. ஒரு மணி நேரம் வாளும் வில்லும் மந்திரமும் கையில கொடுத்து ஆட விட்டுட்டு அப்புறம்தான் "இப்ப சொல்லு, நீ யாரு?"ன்னு கேக்குறாங்க. ஒண்ணுமே தெரியாம முதல் ஸ்க்ரீன்லயே இருபது திறமைப் புள்ளியை பிரிச்சுப் போடச் சொல்றதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்.

பால்டர்ஸ் கேட் 3ல (2023) விதர்ஸ்னு ஒரு எலும்புக்கூடு ஆசாமி உங்க கேம்ப்புக்கு வந்து சேருவாரு, 100 கோல்டு கொடுத்தா கிளாஸையே மாத்தி விடுவாரு, எத்தனை தடவை வேணா. எல்டன் ரிங்ல (2022) அப்படி இல்லை, ரென்னாலாங்கிற பாஸை ஜெயிச்ச பிறகுதான், அதுக்கும் லார்வல் டியர்னு ஒரு பொருள் வேணும். வாங்குறதுக்கு முன்னாடி கேமோட பேரையும் "ரீஸ்பெக்" (கிளாஸ், புள்ளியை மாத்துறது)ங்கிற வார்த்தையையும் சேத்து தேடினா அரை நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

5. முதல் அரை மணி நேரம்: ஆடுறது நீங்களா, கேமா?

பெரம்பூர்ல இருக்க சித்தி பையன் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி, "அண்ணா, ஒன்றரை மணி நேரமா உக்காந்திருக்கேன், இதுல கேம் எப்பண்ணா ஆரம்பிக்கும்?"னு கேட்டான். அதுதான் சரியான கேள்வி. மொபைல்ல டைமர் போட்டுக்கோங்க. 30 நிமிஷம் ஆனதும், இதுவரைக்கும் நான் எடுத்த முடிவு எத்தனை, பட்டன் அமுக்கி டயலாக்கை தள்ளினது எத்தனைன்னு யோசிச்சுப் பாருங்க.

டார்க் சோல்ஸ் (2011) முதல் பாகத்தோட ஜெயிலைப் பாருங்க. கையில உடைஞ்ச வாளோட பிடி மட்டும்தான். ஒரு பெரிய கதவைத் தள்ளி உள்ள போனா மேல இருந்து வீடு சைஸுக்கு ஒரு பேய் குதிக்கும், அடிச்சா ஒரு கீறல் கூட விழாது. புதுசா ஆடுறவங்க இங்க ரெண்டு தடவை செத்துட்டு "இது நமக்கு வேலைக்கு ஆகாது"ன்னு மூடிடுவாங்க. மூடாதீங்க, இடது பக்கம் பாருங்க, ஒரு சின்ன வாசல் திறந்து கிடக்கும். ஓடுங்க. அந்தப் பக்கம் போனா கேடயம் கிடைக்கும், ஒழுங்கான ஆயுதம் கிடைக்கும், உயிர் ஏத்துற குடுவை கிடைக்கும், சுத்தி வந்தா அதே பேயோட தலைக்கு மேல இருக்க மாடத்துல வந்து நிப்பீங்க. தரையில ஒரு குறிப்பு, மேல இருந்து குதிச்சு குத்துன்னு. குதிச்சதும் அதோட உயிர்ல ஒரு பெரிய துண்டு காலி. கால் மணி நேரத்துக்குள்ள சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டாங்க: எல்லா சண்டையும் உடனே போட வேண்டியது இல்லை, சுத்திப் பாரு, திரும்பி வா. மீதி கேம் முழுக்க இதேதான். யாரும் லெக்சர் எடுக்கல.

ஸ்கைரிம் (2011) வேற மாதிரி. குதிரை வண்டியில கட்டிப் போட்டு கூட்டிட்டுப் போவாங்க, சில நிமிஷம் தலையை ஆட்டுறதைத் தவிர ஒண்ணும் செய்ய முடியாது, முதல் தடவை நல்லாத்தான் இருக்கும், அஞ்சாவது தடவை கடுப்பாகும், அதனாலதான் அந்த ஆரம்பத்தையே தூக்கிட்டு வேற இடத்துல ஆரம்பிக்க வைக்கிற மாட் (ரசிகர்களே கேம்ல செய்ற மாற்றம்) அவ்வளவு பிரபலமாச்சு. ஆனா வண்டியை விட்டு இறங்கி டிராகன் வந்த பிறகு கோட்டைக்கு அடியில வர்ற குகை இருக்கே, அது நல்ல வேலை. கடைசியில ஒரு கரடி தூங்கிட்டு இருக்கும், கூட வர்றவன் வில்லைக் கொடுத்து, அடிச்சாலும் சரி, பதுங்கிப் போனாலும் சரின்னுடுவான். உங்க முடிவு. (பழைய ஸ்கைரிம்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) 60க்கு மேல போனா அந்த வண்டி பறந்து குட்டிக்கரணம் போடும், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, 60ல லாக் பண்ணுங்க.)

6. அடுத்த ஒரு மணி நேரம்: நல்ல ஏரியான்னு எதை வச்சு சொல்றது

முதல்ல, செஞ்சதுக்கு பலன் இருக்கான்னு சோதிங்க. க்ரோனோ ட்ரிகர் (1995) ஒரு திருவிழாவுல ஆரம்பிக்கும். சும்மா சுத்துவீங்க, ஒரு சின்னப் பொண்ணோட பூனையை தேடிக் கொடுக்கலாம், மேஜை மேல யாரோ ஒருத்தர் வச்ச சாப்பாட்டை எடுத்து சாப்பிடலாம், ஒரு பொண்ணு மேல மோதி அவ விழுந்ததும் அவளை முதல்ல பாக்குறீங்களா, கீழ விழுந்த அவளோட செயின் டாலரை முதல்ல எடுக்குறீங்களா. எல்லாம் விளையாட்டா போயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு உங்களை கோர்ட்டுல நிறுத்தி அது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் போடுவாங்க, சாப்பாடு திருடினது உட்பட. முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் இதைத் தாண்டின ஓப்பனிங் ரொம்ப கம்மிங்கிறது என் கருத்து.

விட்சர் 3ல (2015) ஒயிட் ஆர்ச்சர்டுன்னு ஒரு சின்ன கிராமம். அங்க சாகக் கிடக்குற ஒரு பொண்ணுக்கு, மனுஷங்களுக்கு ஆகாத உங்க மருந்தைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு மருத்துவச்சி வீட்டுல ஒரு கேள்வி வரும். அப்ப எந்த பதிலும் கிடைக்காது. பின்னாடி வேற ஊர்ல அவ காதலனைப் பாக்கும்போதுதான் என்ன ஆச்சுன்னு தெரியும். அந்த கிராமத்துலயே வேட்டை, விசாரணை, பேரம், கார்டு கேம், குதிரை எல்லாம் ஒவ்வொரு துளி வச்சிருப்பாங்க. அது பிடிச்சா முழு கேமும் பிடிக்கும், அது போரடிச்சா தைரியமா திருப்பிக் கொடுங்க, மேல போனா மாறும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

ரெண்டாவது, ஒரே வேலைக்கு எத்தனை வழி இருக்குன்னு பாருங்க. ஃபால்அவுட் நியூ வேகாஸ்ல (2010) குட்ஸ்ப்ரிங்ஸ்னு முதல் ஊரு. ரவுடி கும்பல் வருது, ஊர்க்காரங்களை சண்டைக்கு தயார் பண்ணணும். உங்களுக்கு மருத்துவம் தெரிஞ்சா டாக்டர்கிட்ட மருந்து வாங்கித் தரலாம், பேரம் தெரிஞ்சா கடைக்காரரை வழிக்கு கொண்டு வரலாம், வெடிமருந்து தெரிஞ்சா அங்க ஒரு பெரியவர்கிட்ட டைனமைட் வாங்கலாம், பேச்சு வந்தா பார் நடத்துற அம்மாவை வச்சு ஊரையே திரட்டலாம். இல்ல, ரவுடிங்க பக்கமே சேந்து ஊரை அடிக்கலாம். நீங்க போட்ட புள்ளி எதுவும் வீணா போகல. துப்பாக்கி சுட கத்துத் தர்ற ட்யூட்டோரியல் கூட கட்டாயம் இல்லை, வேணாம்னா நேரா நடையைக் கட்டலாம். ஆனா வடக்குப் பக்கம் நடையைக் கட்டினா டெத்க்ளாங்கிற மிருகம் உங்களை கிழிச்சுத் தொங்க விட்டுடும், புதுசா இருந்தா தெற்கு ரோட்டையே பிடிங்க.

டிவினிட்டி ஒரிஜினல் சின் 2ல (2017) ஃபோர்ட் ஜாய் அதுக்கும் மேல. கழுத்துல பட்டை மாட்டி ஒரு தீவு ஜெயில்ல விட்டுடுவாங்க, தப்பிக்கிறது உங்க பாடு. கரையில திரியுற முதலைங்களை அடிச்சா அதுல ஒண்ணு டெலிபோர்ட் க்ளவுஸ் (ஆளையோ பொருளையோ வேற இடத்துக்கு தூக்கிப் போடுறது) வச்சிருக்கும் (முதலைக்கு எதுக்கு க்ளவுஸ்னு கேக்காதீங்க). அது கையில வந்துட்டா மதில், பள்ளம், பூட்டின கேட்டு எல்லாத்துக்கும் மரியாதை போச்சு. ரகசிய அரினாவுல ஜெயிச்சா கழுத்துப் பட்டையைக் கழட்டி விடுவாங்க. ஒரு எச்சரிக்கை, இது சின்ன ஏரியா இல்லை, முடிக்க நல்லா நேரம் பிடிக்கும், 2 மணி நேரத்துல பாதி கூட தாண்ட மாட்டீங்க. ஆனா முடிவு பண்ண முதலை வரைக்கும் போனா போதும்.

மூணாவது, தோத்தா என்ன ஆகுதுன்னு வேணும்னே ஒரு தடவை செத்துப் பாருங்க. பத்து செகண்ட்ல திரும்ப கொண்டு வந்து விட்டா நல்லது. ஸ்கிப் பண்ண முடியாத சீனை முழுசா திரும்ப ஓட்டினா, அந்த கேம் முழுக்க அப்படித்தான் இருக்கும்னு வச்சுக்கோங்க.

7. ஆகாத ஏரியாவோட அடையாளங்கள்

கல்யாண ரிசப்ஷன்ல மேடைக்கு க்யூல நிக்கிற மாதிரி, பந்தியோட வாசனை வரும், ஆனா விட மாட்டாங்க. ஃபைனல் ஃபேன்டஸி 13 பல பேருக்கு இப்படித்தான் ஆச்சு. லெவல் ஏத்துற சிஸ்டமே 3வது அத்தியாயத்துல தான் கைக்கு வரும், பரந்த வெளி 11வது அத்தியாயத்துல. அதுவரைக்கும் நீளமா ஒரு வராண்டா. எனக்கு அதோட சண்டை சிஸ்டம் பிடிக்கும், பாட்டு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் புதுசா வர்ற யாருக்கும் முதல் ஆர்பிஜியா அதை கைகாட்ட மாட்டேன்.

நீங்க போட்ட கேரக்டருக்கும் ஏரியாவுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்குறது இன்னொரு அடையாளம். ஃபால்அவுட் 2ல (1998) துப்பாக்கி வீரனோ பேச்சாளனோ செஞ்சு வச்சுட்டு உள்ள போனா, கையில ஈட்டியைக் கொடுத்து எறும்பையும் தேளையும் குத்துன்னு ஒரு கோயிலுக்குள்ள விடுவாங்க. அந்த கோயிலைத் தாண்டினா அருமையான கேம், தாண்டுறதுக்குள்ள பாதி பேர் ஓடிடுவாங்க. பால்டர்ஸ் கேட் 2ல (2000) ஆரம்பத்துல வர்ற நிலவறையை முதல் தடவை ரசிச்சவங்களே ரெண்டாவது தடவை அலுத்துப்போய், அதைத் தாண்ட வைக்கிறதுக்குன்னே ஒரு மாட் செஞ்சுட்டாங்க. திரும்பத் திரும்ப ஆடுற கேமுக்கு ஓப்பனிங் சின்னதா இருக்கணும், இல்ல ஸ்கிப் பட்டன் இருக்கணும்.

முக்கியமானதை ஒளிச்சு வைக்கிறதும் உண்டு. எல்டன் ரிங்ல சண்டை கத்துத் தர்ற குகை ஒரு குழிக்குள்ள குதிச்சாதான் வரும். பக்கத்துல ஒரு ஆவி உக்காந்து குதின்னுதான் சொல்லும், ஆனா அதுக்கு முன்னாடிதான் நம்மளை கொன்னு போட்டிருப்பாங்க, யார் குதிப்பா? நிறைய பேர் குதிக்காமலே போனாங்க, பின்னாடி அப்டேட்ல தனியா அறிவிப்பு போட வேண்டியதாச்சு. நீங்க குதிங்க. வெளிய வந்ததும் தங்கக் கவசம் போட்டு குதிரையில ஒருத்தன் சுத்துவான், அவனை சுத்திக்கிட்டு போங்க, சர்ச்சுல இருக்க வியாபாரிகிட்ட 300 ரூனுக்கு கிராஃப்டிங் கிட் வாங்குங்க. ஏரிப் பக்கம் இடிஞ்ச கட்டடத்துக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும், திறந்தா புகை வந்து உங்களை தூரத்துல ஒரு சுரங்கத்துல கொண்டு போய் போட்டுடும். அது பக் இல்லை, வேணும்னே வச்சது. சண்டை போடாதீங்க, ஓடி வெளிய வாங்க.

8. மெதுவா சூடாகுற கேமா, நிஜமாவே மோசமான கேமா?

இங்கதான் 2 மணி நேர ரூல் ஏமாத்தும். பெர்சோனா 5 முதல்ல ஒரு பரபரப்பான கேசினோ சீனைக் காட்டிட்டு பின்னாடி போய் பள்ளிக்கூடம், வாடகை மாடி, "இன்னைக்கு தூங்கு"ன்னு ஓட்டும், ஊரை இஷ்டத்துக்கு சுத்த விடுறதுக்குள்ள 2 மணி நேரம் போயே போயிடும். சைபர்பங்க் 2077ல கொள்ளை மிஷன் முடிஞ்ச பிறகுதான் டைட்டிலே வரும், அதுவரைக்கும் ஊர்ல ஒரு மாவட்டம் மட்டும்தான் திறந்திருக்கும். இந்த மாதிரி கேமை முழு விலைக்கு வாங்கி ரீஃபண்டை நம்பாதீங்க. சேல்ல வாங்குங்க, இல்ல டெமோ பாருங்க.

டிஸ்கோ எலிசியம் (2019) மாதிரி எழுத்தா கொட்டுற கேமுக்கு வேற கணக்கு. தமிழ் சப்டைட்டில் எதிர்பாக்க முடியாது, இங்கிலீஷ்தான், அதுவும் கடினமான இங்கிலீஷ். நிதானமா படிக்கிறவங்களுக்கு 2 மணி நேரத்துல ஓட்டல் ரூமும் வரவேற்பறையும்தான் முடியும். அது கேமோட குறை இல்லை. முதல் ரூம்லயே ஃபேன்ல மாட்டியிருக்க டையை எடுக்கப் போய் ஹீரோ மாரடைப்புல சாகலாம், அந்த கேம் எந்த மாதிரி பேர்வழின்னு அங்கயே தெரிஞ்சுடும். சிரிச்சீங்கன்னா வச்சுக்கோங்க, எரிச்சல் வந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. எழுத்து சைஸை செட்டிங்ஸ்ல முதல்லயே பெருசு பண்ணிடுங்க.

இன்னொரு ஏமாத்து: ஓப்பனிங் ஸ்மூத்தா ஓடுறதை வச்சு உங்க பிசி தாங்கும்னு முடிவு பண்ணாதீங்க. பால்டர்ஸ் கேட் 3 ஆரம்பத்துல கப்பல்லயும் காட்டுலயும் ஜம்முன்னு ஓடும், மூணாவது ஆக்ட்ல நகரத்துக்குள்ள போனதும் பழைய சிபியு திணறும். உங்க கார்டு, சிபியு பேர் போட்டு கடைசி நகரத்தோட வீடியோவைத் தேடுங்க. மே மாச வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல லேப்டாப்பு எப்படி கொதிக்கும்னு சொல்லத் தேவையில்லை, ராத்திரி டெஸ்ட் பண்ணினதை நம்பி மத்தியானம் ஆட உக்காராதீங்க.

9. பிடிச்சுப் போச்சா? அப்ப எப்ப அந்த ஏரியாவை விட்டு கிளம்பணும்

புதுசா வர்றவங்க எல்லாத்தையும் சுத்தமா முடிச்சுட்டுதான் கிளம்புவேன்னு நிப்பாங்க. டிராகன் ஏஜ் இன்க்விசிஷன்ல (2014) ஹின்டர்லேண்ட்ஸ்னு ஒரு பெரிய மலைக்காடு, அங்க மூலிகை பறிச்சு, கம்பளி கொடுத்து, ஆட்டுக்கறி தேடி, இருபது மணி நேரம் ஓட்டிட்டு "கதையே நகரல"ன்னு விட்டவங்க ஏராளம், "ஹின்டர்லேண்ட்ஸை விட்டு வெளிய வாங்கய்யா"ங்கிறது அந்த கேமுக்கு எல்லாரும் சொல்ற முதல் அட்வைஸாவே ஆயிடுச்சு. மதர் ஜிசெல்லைப் பாருங்க, கொஞ்சம் பவர் சேத்துக்கோங்க, கிளம்புங்க, பின்னாடி வரலாம். அங்க டிராகன் ஒண்ணு இருக்கு, ஆரம்ப லெவல்ல அது பக்கமே போகாதீங்க.

திரும்பி வர முடியுமா முடியாதாங்கிறதை மட்டும் செக் பண்ணிக்கோங்க. ஒயிட் ஆர்ச்சர்டுக்கு திரும்பலாம். பால்டர்ஸ் கேட் 3 கப்பலுக்கு திரும்ப முடியாது, அங்க கூண்டுல மாட்டியிருக்க ஷேடோஹார்ட்டை விட்டுட்டு வந்தாலும் பின்னாடி கரையில கிடைப்பா, கவலைப்படாதீங்க. கரைக்கு வந்த பிறகு லாங் ரெஸ்ட் எடுக்க கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கூட்டாளிங்களோட கதை எல்லாம் கேம்ப்ல படுக்கும்போதுதான் நகரும். எரியுற சத்திரத்தைப் பாத்துட்டா மட்டும் முதல்ல அதை முடிச்சுட்டு படுங்க.

சேவ் விஷயம். ஸ்கைரிம்லயும் பால்டர்ஸ் கேட் 3லயும் எஃப்5 அமுக்கினா க்விக் சேவ். பெர்சோனா 5ல டஞ்சனுக்குள்ள சேஃப் ரூம்லதான். கிங்டம் கம் டெலிவரன்ஸ்ல நினைச்ச இடத்துல சேவ் பண்ண ஒரு மதுபாட்டில் செலவாகும். மெயின்டனன்ஸ் ஷட்டவுன்னு காலைல 9ல இருந்து 2 வரைக்கும் கரன்ட் எடுக்கப் போறதா முந்தின நாளே அறிவிப்பு வரும், லீவு நாள் ஆட்டத்தை அதைப் பாத்து வச்சுக்கோங்க. ஓப்பனிங்ல வர்ற நீளமான சீன்ல கரன்ட் போனா முதல்ல இருந்துதான்.

10. வேண்டாம்னு முடிவாச்சுன்னா

1 மணி 45 நிமிஷத்துல கேமை மூடிடுங்க, 1:58 வரைக்கும் இழுக்காதீங்க. ஸ்டீம் சப்போர்ட் பக்கம் போய், பர்ச்சேஸஸ்ல அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் வேணும்னு கொடுங்க. காரணம் ஒரு வரி போதும். காசு வாலட்டுக்கா, கட்டின வழிக்கேவான்னு கேக்கும். அடுத்த கேம் உடனே வாங்கப் போறீங்கன்னா வாலட், இல்லன்னா பேங்க். அப்ரூவ் ஆனா ஒரு வாரத்துக்குள்ள வரும்னு சொல்றாங்க, பேங்க் பக்கம் கொஞ்சம் கூட ஆகலாம், நடுவுல பதறி ரெண்டாவது டிக்கெட் போடாதீங்க. பல கேமை ஒண்ணா விக்கிற பண்டில்ல வாங்கியிருந்தா அதுல இருக்க எல்லா கேமும் சேத்துத்தான் 2 மணி நேரம். வாரா வாரம் வாங்கி வாங்கி திருப்பிக் கொடுத்துட்டே இருந்தா அந்த வசதியையே நிறுத்திடலாம்னு ரூல்ல எழுதியிருக்காங்க, அதனால ஓசி லைப்ரரி மாதிரி நடத்தாதீங்க.

கேம் பிடிச்சிருந்தும் வாங்கின மூணாவது நாள் சேல் போட்டு பாதி விலைக்கு இறக்கிட்டாங்கன்னா, 2 மணி நேரம் தாண்டாம இருந்தா ரீஃபண்ட் எடுத்துட்டு உடனே சேல் விலைக்கு திரும்ப வாங்கலாம், அதை தப்பா எடுத்துக்க மாட்டோம்னு ஸ்டீமே சொல்லியிருக்கு. சேவ் ஃபைல் இருக்க ஃபோல்டரை மட்டும் முன்னாடியே காப்பி எடுத்து வச்சுக்கோங்க, ஓப்பனிங்கை ரெண்டாவது தடவை ஆட வேண்டாம் இல்ல.